ஸ்லிம் கேபினெட்டுக்கு எந்த சிபியூ கூலர்? இடம் 62 மி.மீ.தான்

கேள்வி: 2024 மே 5, ஞாயிறு, இரவு 9.50
கொருக்குப்பேட்டை வாசகர்

அண்ணா, என் கம்ப்யூட்டரில் இருப்பது இன்டெல் ஐ5-10400 பிராசசர். கேபினெட் ஸ்லிம், 10 செ.மீ. அகலம்கூட இல்லை. பிராசசரோடு வந்த ஃபேன்தான் இன்னும் ஓடுகிறது. ஒரு மாதமாகப் பத்து நிமிடம் வேலை செய்தாலே சூடு 95, 97 டிகிரி என்று ஏறிவிடுகிறது. சத்தமும் தாங்க முடியவில்லை. கடையில் கேட்டால் வாட்டர் கூலிங் போடு, இல்லையென்றால் கேபினெட்டையே மாற்று என்கிறார்கள். கேபினெட்டை மாற்றினால் எஸ்எம்பிஎஸ்ஸும் (கரன்ட் கொடுக்கும் பவர் சப்ளை) மாற்ற வேண்டுமாம். கூலரை மட்டும் மாற்றினால் போதாதா? எதை வாங்கலாம்?

பதில்: மே 5, இரவு 11.15

கூலரை மட்டும் மாற்றினால் போதும் தம்பி. கேபினெட்டில் கைவைக்காதே. என்னிடம் இருப்பதும் அதே பிராசசர், ஏறக்குறைய அதே பெட்டி. தண்டையார்பேட்டையில் வாடகை வீட்டு முன்னறையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். பகலில் வெட்டி ஒட்டும் வேலை, ராத்திரி பத்து மணிக்கு மேல் எக்ஸ்போர்ட், அதாவது வெட்டி ஒட்டியதை முழு வீடியோவாக மாற்றும் வேலை. அதே அறையில்தான் அம்மா படுக்கிறார். ஃபேன் ஊளையிட ஆரம்பித்தால் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார், புரண்டு படுப்பார். அவர் புரள்வது எனக்குக் கேட்கும். மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். நீ கேட்டதும் நானும் இறங்கிவிட்டேன்.

வாட்டர் கூலிங் இந்தப் பெட்டிக்கு ஆகாது. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 120 ரேடியேட்டரின் தடிமன் 27 மி.மீ., அதன்மேல் உட்காரும் ஃபேன் 25 மி.மீ. செங்கல் மாதிரி இருக்கும் அதை எங்கே வைப்பாய்? டவர் கூலரும் ஆகாது, ஹைப்பர் 212 போன்றவை 160 மி.மீ. அளவுக்கு நிற்கும். நமக்கு வேண்டியது லோ ப்ரொஃபைல் என்கிற குட்டை ரகம். ஃபேன் மேலே படுத்துக்கொண்டு மதர்போர்டைப் பார்த்துக் காற்று அடிக்கும். பிராசசரோடு சேர்த்து அக்கம்பக்கத்தில் உள்ள பவர் பாகங்களுக்கும் காற்று கிடைக்கும், சின்னப் பெட்டியில் அது பெரிய லாபம்.

மே 5, இரவு 11.40

வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை. இப்போது இருக்கிற கூலரின் நான்கு மூலையிலும் கறுப்புத் தலையோடு பிளாஸ்டிக் பின் இருக்கும். ஒவ்வொன்றையும் விரலால் லேசாக ஆட்டிப் பார். ஏதாவது ஒன்று ஆடினால் படம் எடுத்துப் போடு.

மே 6, திங்கள், காலை 8.10

அளவு எடுத்துவிட்டேன். வீட்டில் சப்பாத்திக்குப் பிசைந்து வைத்த மாவு இருந்தது. அதில் கொட்டைப்பாக்கு அளவு எடுத்து, பால் கவர் துண்டில் சுற்றி, கூலர் ஃபேனின் நடு ஸ்டிக்கர்மேல் வைத்தேன். சைடு மூடியை மெதுவாகப் போட்டு ஸ்க்ரூவும் முடுக்கிவிட்டுத் திரும்பத் திறந்தால், மாவு தட்டையாகி உட்கார்ந்திருக்கிறது. ஸ்கேல் வைத்தேன், 15 மி.மீ. கூலரின் உயரத்தையும் பக்கத்திலிருந்து அளந்தேன், 54. இரண்டையும் கூட்டினால் 69 மி.மீ. இடம். அப்படியென்றால் 67 மி.மீ. உயரத்தில் 120 ஃபேனோடு வரும் கூலரே போடலாம். டீப்கூல் ஏஎன்600 இருக்கிறது, தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி120-எக்ஸ்67 இருக்கிறது. மனசு லேசாகிவிட்டது.

கம்ப்யூட்டரை அணைத்து பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

மே 7, செவ்வாய், மதியம் 1.30

நேற்று எழுதிய 69 தப்பு. யாரும் அதை நம்பி வாங்கிவிட வேண்டாம்.

நான் 54 என்று அளந்தது போர்டிலிருந்து. கூலர் கம்பெனிகள் உயரம் என்று போடுவது பிராசசரின் உலோக மூடிமேல் உட்காரும் அடிப்பாகத்திலிருந்து ஃபேனின் உச்சிவரை. போர்டுக்கும் அந்த மூடிக்கும் நடுவில் சாக்கெட் இருக்கிறது, ஏழு எட்டு மி.மீ. அதிலேயே போய்விடும். இன்று கூலரைக் கழற்றித் தனியாக அளந்தேன், 47. ஆக இடம் 62 மி.மீ., அவ்வளவுதான். 67 மி.மீ. கூலரை வாங்கியிருந்தால் மூடி மூடியே இருக்காது.

உயரம் மட்டும் பார்த்தாலும் போதாது. ராம் (மெமரி) எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்று பார்க்க வேண்டும். தகடு போர்த்தாத சாதாரண ராம் 31 மி.மீ. அளவு நிற்கும். விளக்கு வைத்த ராம் 40ஐத் தாண்டும். கூலரின் தட்டு ராம்மேல் நீட்டிக்கொண்டிருந்தால் அங்கே இடிக்கும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்கு வரும் 24 பின் கேபிள் வளைந்து வரும் பாதையையும் பார்த்துக்கொள். என் பெட்டியில் அந்தக் கேபிள்தான் தடியாக வந்து குறுக்கே விழுகிறது.

மே 8, புதன், இரவு 10.20

பெரம்பூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐ5-10400 வெறும் 65 வாட்தானே, அதற்கு ஏன் இவ்வளவு பாடு?" நியாயமான கேள்வி.

65 வாட் என்பது நீண்ட நேர ஓட்டத்துக்கு இன்டெல் வைத்த கணக்கு. வேலை தொடங்கியதும் 28 விநாடி வரைக்கும் 134 வாட் வரை இழுத்துக்கொள்ள இந்தப் பிராசசருக்கு அனுமதி உண்டு. அதனால்தான் எக்ஸ்போர்ட் பட்டனை அழுத்திய உடனே ஃபேன் சீறுகிறது, அப்புறம் கொஞ்சம் அடங்குகிறது. ஆனால் பல போர்டுகளில் பயாஸ் (போர்டின் அடிப்படை செட்டிங்) அந்த எல்லையைத் தளர்த்தி வைத்திருக்கும். என் போர்டில் லாங் டியூரேஷன் பவர் லிமிட் என்ற இடத்தில் 65க்குப் பதிலாகப் பெரிய எண் இருந்தது. 65 ஆக்கினேன். 40 நிமிடம் பிடித்த எக்ஸ்போர்ட் 46 நிமிடம் பிடிக்கிறது. சூடு 98லிருந்து 91க்கு வந்தது. காசு செலவில்லாமல் ஏழு டிகிரி. கூலர் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இதைச் செய்து பாருங்கள்.

இன்னொன்று. யூடியூபில் வெளிநாட்டுக்காரர் குட்டைக் கூலரைச் சோதித்து 68 டிகிரி என்று காட்டினால், அவர் அறை 21 டிகிரி. கத்திரி வெயிலில் என் முன்னறை ராத்திரி பத்து மணிக்கும் 35. அந்த வித்தியாசம் பதினாலையும் நாம் கூட்டிக்கொள்ள வேண்டும், அவர் 68 நமக்கு 82. கூலர் அட்டைப் பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண்ணையும் ஓர் அளவுக்குமேல் நம்பாதீர்கள். அதை அளக்கப் பொதுவான முறை கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தன் போக்கில் போடுகிறது.

மே 9, வியாழன், இரவு 9.00

தம்பி படம் போட்டிருக்கிறான். எல்லோரும் பெரிதாக்கிப் பாருங்கள்.

நான்கு பின்னில் மூன்று சரியாக இறங்கியிருக்கின்றன. எஸ்எம்பிஎஸ் பக்கத்து மூலையில் உள்ளது பாதிதான் இறங்கியிருக்கிறது. கூலரைத் தூக்கியதும் அடியில் இருந்த, சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டைப் பாருங்கள்: மூன்று பக்கம் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாகப் படிந்திருக்கிறது, நாலாவது மூலையில் மட்டும் கெட்டியாக, சுண்ணாம்பு காய்ந்தது போல வெளுத்து நிற்கிறது. அங்கே கூலர் பிராசசரைத் தொடவே இல்லை.

அந்தப் பின்னின் வேலை எளிது. வெள்ளை நைலான் கால் இரண்டாகப் பிளந்து போர்டின் ஓட்டைக்குள் போகும். கறுப்பு ஆணி நடுவில் இறங்கி அந்த இரண்டு காலையும் விரிக்கும், போர்டுக்கு அந்தப் பக்கம் கவ்விக்கொள்ளும். தலையில் உள்ள அம்புக்குறிப் பக்கம் திருப்பினால் கழலும். மாட்டும்போது திருப்பியதைப் பழையபடி கொண்டுவந்துவிட்டு, எதிரெதிர் மூலையாக அழுத்த வேண்டும். ஒவ்வொன்றும் 'டக்' என்று சொல்ல வேண்டும். சொல்லாத பின் இறங்காத பின்.

பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகப் பட்டாணி அளவு வைத்து, நாலையும் சரியாக இறக்கியிருக்கிறான். 97 இப்போது 86. வாழ்த்துகள் தம்பி.

மே 10, வெள்ளி, காலை 7.30

அந்தப் பின் ராத்திரியே உடைந்துவிட்டதாம். வருஷக்கணக்கில் சூட்டிலேயே இருந்த நைலான், மஞ்சளித்து மொறுமொறுவென்று ஆகியிருக்கும், அழுத்தம் தாங்காமல் ஒரு கால் முறிந்திருக்கிறது. தம்பி, புதுப் பின் வரும்வரைக்கும் கம்ப்யூட்டரைப் போடாதே. நாளைக்கு கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் ரிச்சி தெரு போகிறேன், அந்தப் பின் தனியாகக் கிடைக்கும், வாங்கி வருகிறேன்.

மே 11, சனி, இரவு 8.45

தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்தேன். சென்ட்ரலுக்கு அடுத்த ஸ்டேஷன்தான். மெட்ரோ 2021இல் விம்கோ நகர் வரை வந்ததிலிருந்து ரிச்சி தெருவுக்கு நான் வண்டியை எடுப்பதில்லை. அங்கே வண்டியை நிறுத்த இடம் தேடும் நேரத்தில் பொருளை வாங்கிவிட்டுத் திரும்பிவிடலாம்.

பத்துக் கடை ஏறினேன். எல்லா இடத்திலும் டவர் கூலர்தான், விளக்கு எரிகிற ரகம். லோ ப்ரொஃபைல் என்றதும் பிராசசரோடு வரும் அலுமினிய ஃபேனையே எடுத்து நீட்டுகிறார்கள். கடைசியில் ஒரு மாடிக் கடையில் 57 மி.மீ. உயரத்தில் ஒன்று கிடைத்தது. ஐந்து ஹீட் பைப் (சூட்டைக் கடத்தும் குழாய்), 120 மெல்லிய ஃபேன். 62க்குள் 57. இடம் இருக்கும் வரை பெரியதைப் போடு என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள், வாங்கிவிட்டேன். பின் பாக்கெட்டும் வாங்கியாயிற்று, நாலு பின் தம்பிக்கு.

மே 12, ஞாயிறு, இரவு 11.50

மாட்டினேன். நாலு மணி நேரம். போர்டை முழுசாக வெளியே எடுக்க வேண்டும், பின்பக்கம் பேக் பிளேட் என்கிற தாங்கு தகட்டை வைத்து முடுக்க வேண்டும். பிராசசரோடு வந்ததைத் தவிர நல்ல குட்டைக் கூலர்கள் பெரும்பாலும் இப்படித்தான். நாக்டுவா என்எச்-எல்9ஐ கூட போர்டின் பின்பக்கத்திலிருந்துதான் நாலு ஸ்க்ரூ. ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

மூடி போடாமல் ஓட்டிப் பார்த்தேன். முழு எக்ஸ்போர்ட்டுக்கும் 74. சத்தமே இல்லை. கண்ணில் தண்ணீர் வராத குறை.

மே 13, திங்கள், இரவு 11.30

மூடியைப் போட்டேன், 92. கிட்டத்தட்ட பழைய நிலைமை. சத்தம் பழையதைவிட மோசம், விசில் ஊதுகிற மாதிரி. அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். எக்ஸ்போர்ட்டை நிறுத்திவிட்டேன். விடிந்து கொடுக்க வேண்டிய வேலை தள்ளிப்போய், காலையில் கல்யாண வீட்டுக்காரர்களிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறேன்.

மே 14, செவ்வாய், மாலை 6.00

ராத்திரி முழுக்க யோசித்தேன். ஃபேனுக்கும் மூடிக்கும் நடுவில் 5 மி.மீ. இடைவெளி. என் மூடியில் காற்று ஓட்டைகள் உண்டு, ஆனால் அவை கிராபிக்ஸ் கார்டு வரும் பக்கம். ஃபேனுக்கு நேராக வெறும் தகடு. சுவரில் மூக்கை ஒட்டிவைத்துக்கொண்டு மூச்சு இழுப்பது மாதிரி. புதுக் காற்று வர வழியில்லை, தான் வெளியே தள்ளிய சூட்டையே ஓரமாக இழுத்து மறுபடி குடிக்கிறது.

அப்படியென்றால் குட்டையானதைப் போட்டு மேலே இடம் விட்டால்? 62 மி.மீ.க்கு 47 மி.மீ. கூலர் என்றால் 15 மி.மீ. மூச்சுவிட இருக்கும். தெர்மல்ரைட் ஏஎக்ஸ்பி90-எக்ஸ்47 ஆர்டர் போட்டுவிட்டேன். நாலு ஹீட் பைப், 92 ஃபேன். நாக்டுவா 37 மி.மீ.தான், இன்னும் இடம் விடும், ஆனால் விலை கூட. ஐடி-கூலிங் ஐஎஸ்-40எக்ஸ் 45 மி.மீ., விலை குறைவு. நான் நடுவில் நின்றேன்.

மே 15, புதன், இரவு 10.00

வழி மாறி வந்த இரண்டு கேள்விகளுக்குச் சுருக்கமாக.

வியாசர்பாடி நண்பர், ரைசன் 5 5600ஜி பிராசசர், கூலரை எப்படிக் கழற்றுவது என்று கேட்கிறார். கூடவே வரும் ரெய்த் ஸ்டெல்த் கூலர் 54 மி.மீ. உயரம், நாலு ஸ்க்ரூ. கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் கம்ப்யூட்டரை ஓட்டிப் பேஸ்ட்டைச் சூடாக்குங்கள், அப்புறம் அணைத்துவிட்டு, கூலரை இடவலமாக மெல்லத் திருகிக்கொண்டே எடுங்கள். நேராக இழுத்தால் ஏஎம்4 சாக்கெட்டிலிருந்து பிராசசரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும், அதன் அடியில்தான் பின்கள் எல்லாம். ஒன்று வளைந்தாலும் வேதனை. நாலு ஸ்க்ரூவும் கழன்றதும் பின்பக்கத் தகடு கீழே விழும், ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் போர்டோடு வந்த பிளாஸ்டிக் கொக்கிகளையும் தூக்கிப்போடாதீர்கள், கிளிப் மாட்டும் கூலர்களுக்கு அவை வேண்டும்.

எர்ணாவூர் நண்பர், 12ஆம் தலைமுறை இன்டெல், பழைய கூலரையே மாட்டலாமா என்று கேட்கிறார். உங்கள் சாக்கெட் எல்ஜிஏ 1700. எங்கள் 1200இல் ஓட்டைகளின் இடைவெளி 75 மி.மீ., உங்களுடையதில் 78. மூன்று மி.மீ.தானே என்று பழைய கூலரை இழுத்து மாட்டாதீர்கள். 1700இல் மாட்டுவதற்கான கிட் தனியாகக் கிடைக்கும்.

மே 18, சனி, இரவு 11.00

47 மி.மீ. வந்தது, மாட்டியாயிற்று. இந்தமுறை இரண்டே மணி நேரம். அதே எக்ஸ்போர்ட், மூடி போட்டு, அறை 35 டிகிரி: 83. விசில் இல்லை. ஃபேன் ஓடுவது தெரிகிறது, ஆனால் சீரான காற்றுச் சத்தம், மின்விசிறிச் சத்தத்தோடு கலந்துவிடுகிறது. அம்மா தூங்கிக்கொண்டிருக்கிறார்.

சின்னக் கூலர் பெரியதை 9 டிகிரி ஜெயித்தது. இதைத்தான் எல்லோரும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்: பெட்டிக்குள் நுழைகிற மிகப் பெரியதை வாங்காதீர்கள், மேலே பத்து மி.மீ.யாவது இடம் விடும் கூலரை வாங்குங்கள்.

மே 25, சனி, மாலை 5.30

நாலு நாளாக ஒரு விஷயம் உறுத்துகிறது. முதலில் 98 ஏன் வந்தது? 2020 மாடல் பிராசசர், இரண்டு கோடைகளை அந்தப் பழைய கூலரோடு, இதே பெட்டியில் தாண்டியிருக்கிறது. இந்த வருஷம் மட்டும் என்ன?

மிக்ஜாம் புயல்தான். டிசம்பர் 2023இல் தெருத் தண்ணீர் முன்னறைக்குள் முழங்காலுக்குக் கீழே வரை ஏறியது. முதலில் தூக்கியது அம்மாவை, இரண்டாவது கம்ப்யூட்டரை. தண்ணீர் வடிந்த பிறகும் எனக்குத் தரையில் வைக்க மனசு வரவில்லை. சுவர் செல்ஃபில், ஆல்பம் பெட்டிகளுக்கு நடுவில் சொருகிவைத்தேன். அன்றிலிருந்து அங்கேதான். இரண்டு பக்கமும் அட்டைப் பெட்டி, பின்னால் சுவர். எஸ்எம்பிஎஸ் தள்ளும் சூடு சுவரில் மோதி அப்படியே திரும்பி வருகிறது. கை வைத்துப் பார்த்தேன், செல்ஃபின் உள்மூலை அடுப்படி மாதிரி இருக்கிறது.

ஆல்பங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன், பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு ஜாண் முன்னால் இழுத்தேன். 83 இப்போது 80. புளியந்தோப்பு, பட்டாளம், கொருக்குப்பேட்டைப் பக்கம் மழைக்குப் பயந்து மேலே ஏற்றிவைத்தவர்கள் எல்லோரும் ஒருமுறை பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள். கீழே இறக்கச் சொல்லவில்லை, நானும் இறக்க மாட்டேன். சுற்றிலும் இடம் விடுங்கள்.

ஜூன் 2, ஞாயிறு, இரவு 9.15

மூடியில் ஓட்டை போட்டுவிட்டேன். எங்கள் தெரு முனையில் வெல்டிங் பட்டறை இருக்கிறது. மூடியை மட்டும் தனியாகக் கழற்றி எடுத்துப் போனேன். ஃபேனுக்கு நேராக எங்கே வரும் என்று கண்டுபிடிக்க, ஃபேனின் நடுவில் லிப்ஸ்டிக் தடவிய மாவு உருண்டையை வைத்து மூடினேன், மூடியின் உள்பக்கம் சிவப்புப் பொட்டு விழுந்தது. அதுதான் மையம். லிப்ஸ்டிக் என் மனைவியுடையது, கேட்டுத்தான் எடுத்தேன்.

92 மி.மீ. வட்டம் வெட்டி, பிசிறுகளை அரம் போட்டு உரசி, உள்பக்கம் கம்பி வலை வைத்து ஒட்டிக் கொடுத்தார் பட்டறைக்காரர். தகட்டைச் சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகுதான் வீட்டுக்குள் கொண்டுவந்தேன். இரும்புத்தூள் ஒரு துளி போர்டில் விழுந்தாலும் ஷார்ட் ஆகிவிடும். கேபினெட்டிலேயே வைத்து டிரில் போட ஒருபோதும் நினைக்காதீர்கள்.

கூலருக்கும் ஓட்டைக்கும் நடுவில் இருந்த 15 மி.மீ.யைச் சுற்றி ஸ்பாஞ்ச் வளையம் வெட்டி ஒட்டினேன். ஃபேன் இப்போது நேராக வெளிக்காற்றை மட்டும்தான் இழுக்கும், பெட்டிக்குள் இருக்கும் சூட்டைத் தொடாது. 73. அறை 34.

ஜூன் 3, திங்கள், இரவு 11.20

மே 18இல் எழுதியதைத் திருத்த வேண்டும். கழற்றிவைத்த 57 மி.மீ. கூலரை இன்று மறுபடி மாட்டி, ஓட்டை போட்ட மூடியோடு ஓட்டிப் பார்த்தேன். 70. சின்னதைவிட மூன்று டிகிரி குறைவு!

ஆகக் குட்டை நல்லது என்று நான் அடித்துச் சொன்னது சரியில்லை. மேலே வெறும் தகடு இருந்தால்தான் குட்டை ஜெயிக்கும். ஃபேனுக்கு நேராகக் காற்று வழி இருந்தால் பெரியதே ஜெயிக்கும். அன்றைக்குத் தோற்றது கூலர் இல்லை, என் மூடி. மன்னிக்கவும், அதைப் படித்துவிட்டு இரண்டு பேர் 57ஐத் திருப்பிக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மூடியில் ஃபேனுக்கு நேராக ஓட்டைகள் இருந்தால் அது உங்களுக்குப் பொருந்தியிருக்கும்.

ஆனாலும் நான் 47க்கே திரும்பிவிட்டேன். 57இல் ஃபேன் இறக்கைக்கும் கம்பி வலைக்கும் இடைவெளி மிகக் குறைவு, வேகம் ஏறும்போது அந்த விசில் மெல்லியதாக வருகிறது. மூன்று டிகிரிக்காக அம்மாவின் தூக்கத்தைக் கெடுக்க மாட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு, மாலை 4.40

ராயபுரம் அண்ணன் நல்ல விஷயம் எழுதியிருக்கிறார். நம் பக்கத்தில் கூலர் சூடாவதற்கு முதல் காரணம் தூசியும் உப்பும் என்று. முழுக்க ஒத்துக்கொள்கிறேன். 2011 வரைக்கும் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் கையாண்டார்கள். அப்போது நான் கம்ப்யூட்டர் சர்வீஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். ராயபுரம், காசிமேட்டு வீடுகளில் ஃபேனைத் துடைத்தால் துணி கறுத்துப்போகும், பிசுக்காக ஒட்டும். கோர்ட் உத்தரவால் அது எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போன பிறகு நம் பக்கம் கறுப்பு குறைந்தது. எண்ணூர்க்காரர்களுக்குத்தான் இப்போது அந்தப் பாடு. நமக்கு மிச்சம் கன்டெய்னர் லாரி கிளப்பும் சாம்பல் நிறத் தூசி.

உப்பைப் பற்றி. என் பழைய அலுமினியக் கூலரின் தகடுகளில் மாவு பூத்த மாதிரி வெள்ளை படிந்திருந்தது. கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் செம்பு வெளியே தெரிகிற கூலரைவிட நிக்கல் முலாம் போட்டதை எடுப்பது நல்லது. வலைக்கு மேல் ஒரு பழைய சாக்ஸ் துணியை வடிகட்டியாகப் போடலாமா என்று ஒருவர் கேட்டார். போட்டுப் பார்த்தேன், 4 டிகிரி ஏறியது, எடுத்துவிட்டேன். மாதம் ஒருமுறை பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இஷ்டத்துக்குச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும்.

ஜூன் 23, ஞாயிறு, இரவு 10.10

இன்று கொருக்குப்பேட்டைத் தம்பி வீட்டுக்கு வந்தான், கம்ப்யூட்டரை 25 கிலோ அரிசிப் பையில் போட்டு, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு. புதுப் பின்னோடு 86லேயே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான். மாவு வைத்து அளந்தோம், அவன் பெட்டியில் இடம் 64. அவன் மூடியில் பிராசசருக்கு நேராக அகலமான கீற்றுகள் வெட்டியே வந்திருக்கின்றன. அவன் ராமும் தகடு போர்த்தாத சாதாரண ரகம். அவன் அறையில் ராத்திரி தூங்குகிறவர்களும் யாரும் இல்லை.

என்னிடம் சும்மா கிடந்த 57 மி.மீ. கூலரை எடுத்துக் கொடுத்தேன். பாதி விலையாவது வாங்கிக்கொள்ளச் சொன்னான், நான் வாங்கவில்லை. அவன் கேட்டிராவிட்டால் நான் இன்னும் செல்ஃபில் வைத்துக் கொதிக்கவிட்டுக்கொண்டிருப்பேன். போர்டை அவனையே கழற்றவைத்தேன், பேக் பிளேட்டை அவனே வைத்தான், ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினான். மூடியைப் போட்டு என் எக்ஸ்போர்ட் கோப்பையே அவன் கம்ப்யூட்டரில் ஓட்டினோம். நாற்பது நிமிடம் முடிவதற்குள் அம்மா இரண்டு தடவை டீ போட்டுக் கொடுத்துவிட்டார். 71இல் நின்றது.

போகும்போது பழைய கூலரை என்ன செய்வது என்று கேட்டான். அதன் ஃபேன் நன்றாகத்தான் இருக்கிறது, துடைத்து எடுத்துவை என்றேன். இடம் 50 மி.மீ. அளவே உள்ள யாருக்காவது அவசரத்துக்கு உதவும். நாலு பின்னும் புதுசு.